அடிநூல்

பொபினில் உருக்கு.
மேலே, ஊசியில், சாதாரணச் செம்மஞ்சள் நூல்.
மாற்றிப் போட்டால் ஊசிக்கண்ணில் சிக்கி
நனைந்த பூனைமயிர் போலப் பிசிர்பிசிராய் நிற்கும்.
ஆகவே துணியைக் கவிழ்த்துத் தைக்கிறேன்.
எனக்குத் தெரிகிற பக்கம்
உள்ளே போகப்போகிற பக்கம்.

மூன்று கழி இருக்கிறது இந்தச் சாம்பல்நூல்.
கட்டுநாயக்கவில் ஏதோ கொம்பனி
மாதிரி ஓடரோடு கைவிட்டுப் போனது;
மச்சாள் குப்பைக்கு விடவில்லை.

அங்கே ஏழு வருஷம் நானும் கொலர் தைத்தவள்.
மணிக்கு அறுபது.
யாருடைய கழுத்தென்று ஒருநாளும் கேட்டதில்லை.
இப்போது கேட்க வேண்டியிருக்கிறது:
எந்தக் கையால் வலையை இழுப்பாய்,
படகில் எந்தப் பக்கம் சரிந்து படுப்பாய்,
நீந்தத் தெரியுமா?
ரவிச்செல்வம் சிரித்தான்.
திருக்கடலூரில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது.
இயந்திரம் நின்ற இரவைப் பற்றி
அவனாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்பில் இரண்டு கோடு.
ஒன்று பற்றரியிலிருந்து வருகிறது.
மற்றது விளக்குக்குப் போகிறது.
நடுவில் அரைவிரல் இடைவெளி,
அங்கே நான் ஒன்றும் தைப்பதில்லை.
அதைக் கடல் தைக்கும்.

முடிச்சுக்கு மேல் ஒரு சொட்டுக் கியூட்டெக்ஸ்.
வெட்டிய நுனி எழும்பிப் பக்கத்துக் கோட்டைத் தொட்டால்
எல்லாம் போச்சு.
கிண்ணியாவிலிருந்து ஃபோன் கடை இஹ்ஸான்
மீற்றரோடு வருவான்; நூலின் இரு முனையிலும்
நாடி பிடிப்பான்.
பீப் என்றால் இருவரும் மூச்சு விடுவோம்.
ஒருதரம் பீப் இல்லை, ஒரு மணித்தியாலம் தேடி
மீற்றரின் பற்றரி செத்திருந்ததைக் கண்டுபிடித்தோம்.

முதல் இரவு, கொட்டியாரக் குடாவில் நல்ல பாடு.
வலை பாரம். குனிந்து இழுத்தவனின்
நெஞ்சு பற்றிக்கொண்டது.
வியர்வையும் உப்புத்தானே.
அணைக்கச் சுவிட்ச் இல்லை:
கடலுக்கு ஏது சுவிட்ச் என்று
பெருமையாகச் சொல்லியிருந்தவள் நான்.
வெளிச்சம் பார்த்துக் கணவாய் வந்ததாம்.
கணவாய்க்குப் பின்னால் நேவிப் படகு.
யாருக்குச் சிக்னல் போடுகிறாய்?
கழற்றிப் பிழிந்து காட்டினானாம்.
பிழியப் பிழிய அது கண்ணடித்ததாம்.
ஒரு நேவிப் பெடியன் மட்டும்
விலை என்னவென்று மெல்லக் கேட்டானாம்.

உடுப்பை என் மேசையில் எறிந்துவிட்டுப் போனான்.

உருக்குத் தையல் பிரிக்க ஒரு முழுப் பின்னேரம்.
பிரிக்கும்போதுதான் பிடிபட்டது:
வியர்வை உள்ளிருந்து வருகிறது,
கடல் வெளியிலிருந்து.
நடுவில் மழைக்கோட்டுத் துணி ஒரு மடிப்பு,
கோடுகள் வெளிமுகத்தில்,
உயரத்தில், தெறிக்கிற தண்ணீர் தங்காத இடத்தில்.
கழுத்தில்.
திரும்பவும் கொலர்!
கை தானாகவே வளைத்தது.

உப்புவெளி, பொழுதுபட்ட நேரம்.
வேறு யாரையும் அனுப்ப மனமில்லாமல்
சோட்டிக்கு மேல் அதை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
முழங்காலுக்கு மேல் கடல் தெரியாதவள்.
இடுப்பில் ஒன்றுமில்லை. நெஞ்சில் ஒன்றுமில்லை.
ஓர் அலை வந்து கழுத்தைச் சுற்றிப் பிடித்தது,
நாடிக்குக் கீழே வெள்ளையாய் வெளிச்சம்.
மணலில் பந்தடித்த பிள்ளைகள் கத்தினார்கள்.

எவ்வளவு தூரத்துக்குத் தெரிகிறதென்று பார்க்க
ரவிச்செல்வம் கரையில் பின்னோக்கி நடந்தான்.
தெரியுது, என்றான்.
வள்ளங்கள் இழுத்துவைத்த இடம் தாண்டி,
தெரியுது.
ஹோட்டல் வேலி தாண்டி, சின்னதாய், தெரியுது.
பிறகு அலைச்சத்தம் மட்டும்.
வரச்சொல்லிக் கூப்பிடுகிறானா, இன்னும் நடக்கிறானா?
கால் நிலத்தில் எட்டியும் எட்டாமலும்
அசையாமல் நின்றேன்,
தெரிய வேண்டுமே என்று.